முப்பத்தொரு மீட்டர் பிழை

அந்தத் தூண் மலைக்குள் ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஆள் உயரம், வெள்ளை உப்பு, இடுப்பளவில் சிவப்புச் சாயத்தில் 58 என்று எண். ஆனால் இன்ஜினியர் கொஸ்ரோ தரையில் விரித்துப் போட்டிருந்த வரைபடத்தில் அது இரண்டு இடங்களில் நின்றது. குகையின் வலது கிளை வழியாக அளந்து போனால் ஓரிடம், இடது கிளை வழியாக அளந்து போனால் இன்னோரிடம். இரண்டுக்கும் நடுவே முப்பத்தொரு மீட்டர்.

"தூணுக்குக் கால் முளைச்சு நடந்திருக்கும் போல" என்றான் யாகூப். டேப்பின் நுனியைப் பிடிப்பது அவன் வேலை. எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

கொஸ்ரோ ஷீராஸிலிருந்து மூன்று குளிர்காலமாகப் பாரசீக வளைகுடாவின் இந்தக் கெஷ்ம் தீவுக்கு வந்து போகிறவர். வெயில் காலத்தில் உப்பு மலைக்குள் போனால் ஆள் வெந்துவிடுவான். அதனால் வேலையெல்லாம் குளிர்காலத்தில்தான். ஆறு கிலோமீட்டருக்கு மேல் அளந்தாகிவிட்டது. வலது கிளை போன குளிர்காலமே அளந்து சரிபார்த்தது, இடது கிளை இந்தக் குளிர்காலத்து வேலை. வெளிநாட்டுக் குகைச் சங்கத்து ஆட்கள் வியாழக்கிழமை வந்து வரைபடத்தைச் சோதித்துப் பதிவு செய்வதாக ஏற்பாடு. இப்போது திங்கட்கிழமை மாலை.

"மூணு பேர்ல ஒருத்தர் தப்பு பண்ணியிருக்கணும்" என்றார் கொஸ்ரோ. "டேப்பு தப்பா போனா அரை மீட்டர் போகும், ஒரு மீட்டர் போகும். முப்பத்தொண்ணு போகாது. திசை தப்பியிருக்கு. படிச்சவர் தப்பா படிச்சிருக்கணும், இல்லன்னா எழுதினவர் தப்பா எழுதியிருக்கணும்."

திசைகாட்டியைப் படித்தவன் அப்துல் கஃபூர். எழுதியவள் சலீமே, யாகூப்பின் மனைவி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். 

"டீச்சர், இடது கிளை நோட்டு எங்க?"

சலீமே நோட்டை நீட்டினாள். குகைக்குள் எழுதிய பக்கங்கள் உப்புத்தண்ணீர் பட்டு ஊறி, காய்ந்து, அப்பளமாய் மொறுமொறுத்துப் போயிருந்தன. அவள் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் புது நோட்டில் பார்த்து எழுதி வைத்திருந்தாள். கொஸ்ரோவுக்கு அது போதுமாக இருந்தது.

"பார்த்து எழுதும்போது எண் புரண்டிருக்கு. இருநூத்தி முப்பத்தொண்ணு இருநூத்திப் பதிமூணு ஆயிருக்கும். நடக்கிறதுதான்."

"நடக்கல சார்" என்றாள் சலீமே. "அவர் சொன்னதத்தான் எழுதினேன். ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்லி, அவர் 'சரி'ன்னு சொன்ன பிறகுதான் எழுதினேன். கேட்டுப் பாருங்க."

குகை அளப்பவர்களின் வழக்கம் அது. படிப்பவர் எண்ணைச் சொல்வார், எழுதுபவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார், படித்தவர் 'சரி' என்பார். 'சரி' விழாமல் பென்சில் தாளைத் தொடக்கூடாது. சலீமே இந்த வழக்கத்தைத் தொழுகை மாதிரிக் கடைப்பிடிப்பவள். கஃபூருக்கு அது நன்றாகத் தெரியும். ஒருமுறை கழுத்தளவு இடுக்கில் மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்தபோதுகூட அவன் 'சரி' சொல்லாததால் அவள் எழுத மறுத்திருக்கிறாள்.

"என்ன தம்பி, திருப்பிச் சொன்னாங்களா?" என்றார் கொஸ்ரோ.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சட்டையின் இடது கைப்பட்டிக்குள் ஏதோ கனத்தது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி தன்னிடம்தான் வரும் என்று அவனுக்குத் தெரிந்தது. 

"சொன்னாங்க... ஆனா அந்த இடுக்குல காத்து ஊளையிடும் சார். சில நேரம் என்ன சொன்னாங்கன்னு எனக்கே சரியா கேக்கல. சும்மா சரின்னு சொல்லியிருப்பேன்."

முழுப் பொய்யைவிட அரைப் பொய் கேவலமானது. முழுப் பொய் சொல்கிறவன் துணிந்தவன். அரைப் பொய் சொல்கிறவனோ பொய் சொல்லவும் பயந்தவன். சலீமே அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். யாகூப்பும் பின்னாலேயே போனான். போகும்போது வழக்கமாகத் தட்டும் கஃபூரின் தோளைத் தட்டவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் விட்டுட்டு, புதன்கிழமை இடது கிளைய முடிஞ்ச வரை திரும்ப அளப்போம்" என்றார் கொஸ்ரோ. "யாகூப் எழுதட்டும். டீச்சர் வேண்டாம். படத்துல அவங்க பேரும் வேண்டாம்."

படத்தின் மூலையில் அளந்தவர்கள் பெயர் வரும். பெயர் வராதவர் அந்தக் குகையை அளக்காதவர். தூண் நிற்கும் மண்டபத்தை முதலில் மிதித்தவளே சலீமேதான். முதலில் மிதித்தவருக்குப் பெயர் வைக்கும் உரிமை. தரையிலிருந்து எழும்பி நின்ற குட்டை உப்பு முளைகளைப் பார்த்துவிட்டு, 'எல்லாம் கையத் தூக்கிட்டு நிக்குது, டீச்சர் டீச்சர்னு' என்று சிரித்து, 'இரண்டாம் வகுப்பு' என்று பெயர் வைத்தாள். பெயர் மட்டும் படத்தில் இருக்கும். வைத்தவள் இருக்கமாட்டாள்.

கஃபூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர்ச் சுகாதார நிலையத்தில் அவன்தான் எல்லாம். தடுப்பூசி, காய்ச்சல் மாத்திரை, ரத்த அழுத்தம். ஊர் அவனை டாக்டர் என்று கூப்பிடும், அவனும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இந்தத் தீவில் காற்று பிடிப்பது என்று ஒன்று உண்டு. கடலிலிருந்து வரும் காற்று ஆள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், உடம்பு நடுங்கும், தூக்கம் போகும். அதை இறக்குவதற்குச் சலீமேயின் அம்மா ஷம்சே இருந்தாள். பறை அடித்து, புகை போட்டு, கடைசியில் கையில் ஒரு இரும்புக் காப்பைப் பூட்டிவிடுவாள். இரும்பு இருக்கும் உடம்பில் காற்று உட்காராது என்பது கணக்கு. காற்றும் கிடையாது கருப்பும் கிடையாது, எல்லாம் நரம்புதான் என்பது கஃபூரின் கணக்கு. 

அதை அவன் தன்னோடு வைத்திருந்தால் பரவாயில்லை. போன வருடம் ஷம்சே தோள்வலி என்று சுகாதார நிலையத்துக்கு வந்தாள். ரத்த அழுத்தம் பார்க்கக் காப்பைக் கழற்றச் சொன்னான். கழற்றிக் கொடுத்ததை வாங்கி, பச்சைப்பிள்ளைகளை நிறுக்கும் தராசில் போட்டான்.

"பாருங்க எல்லாரும், அறுபது கிராம்! அறுபது கிராம் டாக்டர்! எனக்கு எதுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது?"

வரிசையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷம்சே முகத்திரைக்குள்ளிருந்து அவனைப் பார்த்துவிட்டு, தராசிலிருந்து காப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவளைக் கூட்டி வந்த சலீமேயும் அங்கேதான் நின்றாள்.

ஊருக்குத்தான் உபதேசம். இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் இடது கிளையின் இடுக்கு திறந்தது. ஒல்லியானவன் என்று கஃபூரை முதலில் உள்ளே விட்டார்கள். மார்பு மேலேயும் முதுகு கீழேயும் உப்பில் உரச, அங்குலம் அங்குலமாக நகர்ந்து போனான். பாதி வழியில் உள்ளேயிருந்து காற்று வந்தது. குகைக்காரர்களுக்கு அது நல்ல சகுனம், காற்று வந்தால் அப்பால் வழி இருக்கிறது என்று அர்த்தம். கஃபூருக்கோ அது முகத்தில் யாரோ ஊதியது போல இருந்தது. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தானோ, யாகூப் காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே வந்தான். அன்று முதல் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் முகத்தில் ஊதியது. தடுப்பூசி போடும்போது கை நடுங்கியது. தனக்குத்தானே மாத்திரை எழுதிக்கொண்டு விழுங்கிப் பார்த்தான். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே உறங்கும் நேரம் பார்த்து, சலீமே பள்ளியில் இருக்கும் நேரமும் பார்த்து, ஷம்சேயின் வீட்டுக் கதவைத் தட்டினான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு தட்டினான் என்று கேட்கக் கூடாது, பயம் வந்தவனுக்கு முகம் ஏது. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பறை வேண்டாம், சத்தம் வெளியே கேட்கும் என்றான். சரி என்றாள். புகையை மட்டும் போட்டாள். பிறகு தன் கையிலிருந்த காப்பையே கழற்றி அவன் இடது கையில் ஏற்றிவிட்டாள்.

"பெட்டியில வேற காப்பு இல்லையா?" என்றான் கஃபூர்.

"இதோட எட உனக்குத் தெரியும்ல" என்றாள் ஷம்சே. "இந்த வீட்டுக்கு யார் வந்தாங்க, எதக் கட்டிட்டுப் போனாங்கங்கிறது இந்த வாசல் தாண்டாது. போ."

அன்றிரவு தூங்கினான். மறுவாரம் இடுக்குக்குள் போனான், வந்தான். சட்டைக் கையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு மூடிக்கொண்டான்.

குகை வாசலில் ஒரு கூடை இருக்கும். உள்ளே போகும் முன் சலீமே பட்டியல் வாசிப்பாள்: கடிகாரம், சாவி, கத்தி, இடுப்புக் கொக்கி. இரும்பு எதுவும் திசைகாட்டியின் பக்கத்தில் போகக் கூடாது என்பது விதி. எல்லோரும் கூடையில் போடுவார்கள். கஃபூரும் கடிகாரத்தைப் போட்டான், சாவியைப் போட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவனிடம் மட்டும் சலீமே இரண்டாம் முறை கேட்டாள்: "வேற எதாவது இருக்காண்ணே?" ஒவ்வொரு நாளும் "இல்ல" என்றான். அவன் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டதாகத் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தான். திசைகாட்டியை மேசையில் வைத்து, காப்புப் போட்ட கையை ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தபோது முள் அசையவில்லை. அதற்கும் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. கிட்டே போனால் தெரிந்துவிடும் அல்லவா.

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் கிட்டே கொண்டுபோனான். குகையில் பிடிப்பது போலவே வலது கண்ணோடு திசைகாட்டியை ஒட்டி, இடது கையை அதற்கடியில் தாங்கல் கொடுத்து, ஜன்னல் வழியாகப் பள்ளிவாசல் மினாராவைப் பார்த்துப் படித்தான். வலது கையை மட்டும் வைத்து இன்னொரு முறை படித்தான். இரண்டுக்கும் பதினொரு டிகிரி வித்தியாசம்.

அவன் அப்பா நகுதா. துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் மரக்கலம் ஓட்டியவர். திசைகாட்டிப் பெட்டிக்கு அருகில் மீன் வெட்டும் கத்தியோடு வந்த மாலுமியை அந்த இடத்திலேயே அறைந்தவர். ஒரு தடவை பெட்டிக்கு அடியில் யாரோ மறந்து போட்ட ஒரு கை ஆணிக்காக ராத்திரி முழுக்கத் தப்புத் திசையில் ஓடியதை வீட்டில் நூறு முறை சொல்லியிருக்கிறார். இந்தத் தீவில் மீன் கூடை சுமக்கிறவனுக்குக்கூட இது தெரியும். நகுதாவின் மகன், படித்தவன், டாக்டர், கையில் இரும்பைப் பூட்டிக்கொண்டு அறுபத்தொரு முறை திசை படித்திருக்கிறான். கஃபூர் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அப்பா உயிரோடு இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காக இன்னும் கூசினான்.

மறுநாள் சுகாதார நிலையத்தில் கூட்டம். சின்ன ஊரில் சங்கதி நடந்து போவதில்லை, பறந்து போகும்.

"டாக்டர், கேட்டீங்களா?" என்றாள் குழந்தைக்கு ஊசி போட வந்த ஒருத்தி. "நம்ம டீச்சருக்கு எண்ணே எழுதத் தெரியலையாம். குகைய முப்பது மீட்டர் தள்ளி வச்சிட்டாளாம்!"

"எம்புள்ள இருபத்தொண்ண பன்னெண்டுன்னு எழுதும்போதே நெனச்சேன்" என்றாள் இன்னொருத்தி. "எங்கிருந்து படிச்சான்னு இப்பல்ல தெரியுது."

சிரிப்பு. போன வருடம் தராசைச் சுற்றி எழுந்த அதே சிரிப்பு. கஃபூர் ஊசியில் மருந்தை ஏற்றினான். "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று சொல்ல நினைத்தான். "கையப் பிடிங்க" என்றுதான் சொன்னான். காலையில் வகுப்பில் பிள்ளைகள் சலீமேயைப் பார்த்து முப்பத்தொண்ணு முப்பத்தொண்ணு என்று கத்தியதாகவும், அவள் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டே இருந்ததாகவும் கேள்விப்பட்டான். மதியம் ரொட்டியும் மீன்சாறும் வைத்தபடியே இருந்தன.

புதன்கிழமை காலை குகை வாசலில் மூன்று பேர்தான். கூடை இருந்தது, பட்டியல் வாசிக்க ஆளில்லை. யாகூப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இரும்பெல்லாம் போட்டாச்சா?" என்றார் கொஸ்ரோ.

கஃபூர் கடிகாரத்தைப் போட்டான். சாவியைப் போட்டான். காப்போடு போனால் மறுபடியும் அதே பிழை, பழி இந்த முறை யாகூப் தலையில். காப்பில்லாமல் போனால் அந்த இடுக்கு, அந்தக் காற்று. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து கணுக்காலைத் தொட்டது. 

"வேற எதாவது இருக்கா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவளை அவன்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினான். காப்பு உப்புத்தண்ணீரில் துருவேறிப் பழுப்பாக இருந்தது. அதைச் சுற்றித் தோலும் பழுப்பேறியிருந்தது.

"டீச்சர் தப்பா எழுதல சார். நான்தான். இந்தக் குளிர்காலம் பூரா இதப் போட்டுக்கிட்டுத்தான் படிச்சேன். பதினோரு டிகிரி இழுக்குது. அன்னைக்கு நான் சொன்னது பொய். காத்துச் சத்தம் இல்ல, எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு."

கொஸ்ரோ அந்தக் காப்பையே பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்குப் போட்டிருக்க?" என்றார் கடைசியில்.

"பயம் சார்."

யாகூப் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கூடைக்குள் எறிந்தான். "நாலு நாளா... இல்ல, ரெண்டு நாளா எம்பொண்டாட்டி சாப்பிடலடா. புள்ளைங்க அவ முன்னாடியே கத்துதுங்க. நீ ஊசி போட்டுட்டு உக்காந்திருக்க. மனுசனாடா நீ?"



"போ" என்றார் கொஸ்ரோ. "நீயே போய் டீச்சர்கிட்ட சொல்லு. அவங்க வந்தா கூட்டிட்டு வா. வரலன்னா நியாயம்தான்."

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றபோது பிள்ளைகள் எல்லாம் எழுந்து "டாக்டர்" என்றன, ஊசிக்குப் பயந்து நாலைந்து பேர் பெஞ்சுக்கடியில் போனார்கள். கஃபூர் வெளியே கூப்பிடலாம் என்றுதான் வந்தான். முப்பத்தொண்ணு என்று கத்திய வாய்கள் இவை என்று தோன்றியதும் உள்ளேயே நின்று சொன்னான்.

"டீச்சர் எண்ண சரியாத்தான் எழுதினாங்க. நான்தான் தப்பா சொன்னேன். தெரிஞ்சும் மறைச்சேன்." சுருட்டிய கையைத் தூக்கிக் காட்டினான்.

சலீமே சாக்கட்டியைக் கீழே வைத்தாள். அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். காப்பைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"எங்கம்மா கை முப்பது வருசமா வெறுங்கையா இருந்ததில்ல. அன்னைக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் போனா வெறுங்கை. ஏம்மான்னா அரிக்குதுங்கிறாங்க. மறுவாரம் உங்க சட்டை மணிக்கட்டுல துருக்கறை. நான் என்ன, எண்ணு தெரியாதவளா?"

"அப்புறம் ஏன் சொல்லல? திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே, எல்லார் முன்னாடியும்..."

"சொல்லக் கூடாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்கு வந்தவங்க பேரு வெளிய போகாது. அம்மா அந்த வாசல்ல உக்காந்து சம்பாதிச்சது அது ஒண்ணுதான். புருசன்கிட்டகூட நான் சொல்லல. உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. உங்கள தினமும் சபிச்சேன். கூடை முன்னாடி தினமும் ரெண்டாந்தரம் கேட்டேனே, எதுக்குக் கேட்டேன்? நீங்களா எடுத்துப் போட்டுருவீங்கன்னு. தினமும் 'இல்ல'ன்னீங்க. சரி, பயம், போகட்டும்னு விட்டேன். திங்கக்கிழமை என்னைப் பார்த்துக்கிட்டே சொன்னீங்களே, காத்துச் சத்தம்னு... அது பயமாண்ணே?"

"இல்ல" என்றான் கஃபூர். "அது ஈனத்தனம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளைகள் ஒரே இரைச்சல். 

"திரும்ப அளக்கப் பதினோரு நாள் ஆகும்" என்றாள். "நாளைக்குச் சங்கத்து ஆளுங்க வந்துருவாங்க. குகையே போச்சு."

கஃபூருக்கு வழி தெரிந்திருந்தது. நேற்றே தெரிந்துவிட்டது. சரக்கு ஏற்றிய மரக்கலத்தில் இரும்பு எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க, அவன் அப்பா கரைக்குப் பக்கத்தில் கலத்தை ஒரு சுற்று மெல்லத் திருப்புவார். எந்தத் திசைக்கு எத்தனை டிகிரி பிழை என்று ஒரு அட்டையில் எழுதிக்கொள்வார். அப்புறம் அந்த அட்டையை வைத்துக் கழித்துக் கழித்து ஓட்டலாம். இரும்பு இடம் மாறாத வரை பிழையும் மாறாது. இங்கே கலம் கஃபூர்தான். அவனைத் திருப்ப வேண்டும், வெட்டவெளியில், காப்போடு. அது தெரிந்துதான் நேற்று வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தான். 

குகை வாசலிலேயே காத்திருந்த கொஸ்ரோ, கேட்டவுடன் எழுந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருந்த பொட்டலில் நடுப்புள்ளி குறித்தார். அதைச் சுற்றி முப்பத்தாறு இடம், பத்துப் பத்து டிகிரிக்கு ஒன்று, சுத்தமான திசைகாட்டியால் பார்த்துச் சுண்ணாம்பு வைத்தார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கழி நட்டால் நடுவிலிருந்து பார்த்துப் படிக்கலாம். ஆனால் மரமில்லாத ஊரில் கழிக்கு எங்கே போவது? வேலி முழுக்க இரும்புக் கம்பி.

"கம்பி ஆகாது" என்றார் கொஸ்ரோ. "ஆளுங்கள நிறுத்துவோம்."

பிற்பகல் தொழுகை முடிந்து வந்தவர்கள், தண்ணீருக்குப் போன பெண்கள், வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள், கடைக்காரர், எல்லோரையும் யாகூப் கூப்பிட்டு நிறுத்தினான். எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் சொன்னான். சலீமே வட்டத்தைச் சுற்றி வந்து பட்டியல் வாசித்தாள்: கடிகாரம், சாவி, கத்தி. கூடை நிறைந்தது. காற்று பிடித்து இரும்பு அணிந்திருந்த நாலு பெண்கள், எந்தத் தயக்கமும் இல்லாமல் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு இடத்தில் போய் நின்றார்கள். கடைசியாக ஷம்சே வந்தாள். அவள் கை வெறுமையாக இருந்ததால் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கஃபூர் நடுவில் நின்றான். சட்டைக் கை சுருட்டியபடி, திசைகாட்டி வலது கண்ணில், இடது கை தாங்கலாக. வெயில் சாய்ந்து காப்பின் மேல் விழுந்தது. முள் நிற்க வேண்டும், எதிரே நிற்பவரின் முகத்தின் மேல் கோடு பொருந்த வேண்டும், அதன் பிறகே படிக்கலாம். அதனால் ஒவ்வொரு முகத்தையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருந்தது. 

"ஏழு" என்றான்.

"ஏழு" என்றாள் பக்கத்தில் நின்ற சலீமே.

"சரி."

அடுத்த முகம் ஊசி போட வந்தவள், எண் தெரியாத டீச்சர் என்று சிரித்தவள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தலைய நிமித்துங்க, கோடு விழல" என்றார் கொஸ்ரோ. அடுத்தது, காப்பை எறிந்துவிட்டு மாத்திரை சாப்பிடு என்று அவன் விரட்டிய வலைக்காரர். அடுத்தது, அவர் மனைவி. பாதி வட்டம் முடிந்தபோது யாரோ குரல் கொடுத்தார்கள்:

"அறுபது கிராம் டாக்டர்!"

பொட்டல் முழுக்கச் சிரித்தது. கஃபூரின் காது மடல் வரை எரிந்தது. முள் ஆடியது, ஏனென்றால் கை ஆடியது. கூசிப்போய் நின்றான். ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் பதினெட்டு எண்கள் மீதி. 

"முள் நிக்கட்டும்" என்றாள் சலீமே மெதுவாக. "அவசரமில்ல."

நின்றது. படித்தான். அவள் திருப்பிச் சொன்னாள். சரி என்றான்.

கடைசி இடத்தில் ஷம்சே. முகத்திரையின் இரண்டு துளைகளுக்கு நடுவே கோடு விழுந்தது. முள் எப்போதோ நின்றுவிட்டது, அவன் படிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அம்மா, கழட்டித் தந்துரவா?" என்றான் அங்கிருந்தே, எல்லோருக்கும் கேட்கும்படி.

"பயம் போயிருச்சா?"

"போகல."

"அப்ப வச்சுக்க. குகைக்குப் போறப்ப மட்டும் கூடையில போட்டுட்டுப் போ. பயத்த உள்ள எடுத்துட்டுப் போ, அது முள்ள இழுக்காது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. 

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கொஸ்ரோ அறுபத்தொரு எண்களையும் திருத்திவிட்டார். வரைபடத்தில் இடது கிளை மெல்ல வளைந்து வந்தது. இரண்டு தூண்களும் ஒன்றையொன்று நெருங்கி, அரை மீட்டர் இடைவெளியில் நின்றன. ஆறு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கொஸ்ரோ மூலையில் பெயர்களை எழுதினார். எழுதியவர் சலீமே. டேப் யாகூப். 

"என் பேரு வேண்டாம் சார்" என்றான் கஃபூர்.

"வேண்டாமா?" என்றாள் சலீமே. "நல்லா இருக்கே! பேரும் வரணும், திருத்தக் குறிப்பும் வரணும். எண்ணத் திருத்தினா ஏன் திருத்தினோம்னு படத்துல போடணும். அதானே சார் விதி?"

விதி அதுதான். கொஸ்ரோ பேனாவைக் கஃபூரிடம் நீட்டினார். அந்தப் படம் அச்சாகி நாடு நாடாகப் போகும். குகை இருக்கும் வரை, அதை அளக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் படிப்பார்கள். 

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றாள் சலீமே. "திருப்பிச் சொல்லிட்டு எழுதணும். இடது கிளையின் திசை எண்கள் திருத்தப்பட்டவை."

"இடது கிளையின் திசை எண்கள் திருத்தப்பட்டவை" என்றான்.

"சரி. படித்தவர் அப்துல் கஃபூர்."

"படித்தவர் அப்துல் கஃபூர்."

"சரி. அவர் இடது கையில் அணிந்திருந்த இரும்புக் காப்பே பிழைக்குக் காரணம்."

பேனா நின்றது. அவன் வாய்க்குள்ளேயே முணுமுணுத்ததால், "கேக்கல" என்றாள். மறுபடி உரக்கச் சொன்னான்.

"சரி. காப்பின் எடை..." என்று நிறுத்தி, அவனைப் பார்த்தாள். அந்த எண்ணை அவள் சொல்லவில்லை.

"அறுபது கிராம்" என்றான் கஃபூர்.

"அறுபது கிராம்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அவன் 'சரி' சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு எழுதினான்.